பத்துப் பேரை இரண்டாகப் பிரிக்கும் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கம்பத்தில் ஒரு உரக்கடை மாடியில் பத்துப் பேர் கூடுவோம். உள்ளூர்க்காரர்கள் நான்கு பேர், கூடலூரிலிருந்து இரண்டு பேர், உத்தமபாளையத்திலிருந்து ஒருவர், லோயர்கேம்ப் வழியாக மலை இறங்கி வரும் குமுளிப் பையன்கள் மூன்று பேர். ஆடுவது கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை ஆட்டம்: ஒரு அணி குண்டு வைக்கப் பார்க்கும், மற்றது தடுக்கும். ஐந்துக்கு ஐந்து, முதலில் 13 ரவுண்டு எடுக்கும் அணிக்கு வெற்றி.

ஆரம்பத்தில் எங்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் 13-3, 13-4 என்றுதான் முடிந்தன. ஒரே பைக்கில் வந்து இறங்கும் இரண்டு பேர் ஒரே பக்கம்தான் உட்காருவார்கள். எங்களில் நன்றாக ஆடும் முதல் இருவரும் அவர்களே. இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் எதிரணியில் யாருக்காவது திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டிய வேலை ஞாபகம் வந்துவிடும். ஆள் குறையும், மீதிப் பேர் டீக்கடைக்குப் போய்விடுவோம். இது இரண்டு மாதம் நடந்த பிறகுதான், ஆளை அளந்து அணியைப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தோம்.

இந்த வழிகாட்டி அப்படி ஒரு குழு வைத்திருப்பவர்களுக்கு. இதே மாதிரியான வேலரன்ட் ஆட்டத்தை ஆடினாலும் இதே கணக்கு பொருந்தும். அதுவும் ஐந்துக்கு ஐந்து, 13 ரவுண்டுதான். ஆன்லைனில் தனியாக மேட்ச் தேடி ஆடுபவருக்கு இது வேண்டாம். அந்த வேலையை ஆட்டத்தின் மேட்ச்மேக்கிங்கே செய்துவிடும்.

முதல் படி: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, மேப் (எந்தக் களம்), இந்தப் பக்கம் யார் யார், அந்தப் பக்கம் யார் யார், ஸ்கோர். இவ்வளவுதான். முதல் நாளே எக்செல் திறந்து முப்பது கட்டம் போட்டவர்கள் மூன்றாம் வாரம் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். நானே அப்படி ஒருமுறை நிறுத்தியவன்தான். கில், டெத், டேமேஜ் எல்லாம் வேண்டுமானால் ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர்போர்டை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்கோர்போர்டு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

புதியவர்கள் முதலில் பார்ப்பது கே/டி, அதாவது கொன்றதைச் செத்ததால் வகுத்த எண். பார்ப்பதற்கு எளிது, ஏமாறுவதற்கும் எளிது.

போடியில் ஏலக்காயைத் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சல்லடையில் போட்டுச் சலித்து 8 எம்எம் தனி, 7 எம்எம் தனி என்று ஒதுக்குவார்கள். பெரிய காய்க்கு விலை அதிகம். ஆனால் அளவோடு வியாபாரி நிற்பதில்லை. ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்றும் பார்ப்பார், ஏனென்றால் காய் பெரிதாக இருந்தும் உள்ளே அரிசி இல்லாமல் இருக்கலாம். கே/டி என்பது சல்லடை மட்டும்தான்.

எங்களிடம் ஒரு அண்ணன் இருக்கிறார். ஸ்கோர்போர்டில் எப்போதும் முதல் இரண்டு இடத்துக்குள் நிற்பார். நோட்டில் அவர் ஆடிய 20 ஆட்டங்களை எண்ணியபோது அவருடைய அணி ஏழில்தான் வென்றிருந்தது. நான் உடனே ஒரு முடிவுக்கு வந்து, இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். அது தப்பு. நாணயத்தை 20 முறை சுண்டினால் தலை 6 முதல் 14 வரை விழுவது சர்வ சாதாரணம். இருபதுக்கு ஏழு என்பதை வெறும் நேரக்கோளாறு என்றும் சொல்லிவிடலாம். அதனால் டெமோவை, அதாவது ஆட்டத்தின் பதிவை, போட்டுப் பார்த்தோம். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அணியில் மற்ற நான்கு பேரும் செத்த பிறகு மூலையில், ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணத்தில் 4750 டாலர் விலையுள்ள ஏடபிள்யூபி என்ற தொலைதூரத் துப்பாக்கியோடு காத்திருந்து, தோற்றுப்போன ரவுண்டின் கடைசியில் ஒன்றிரண்டு பேரை எடுப்பார். கில் ஏறும், ரவுண்டு போய்விடும். எண் சந்தேகத்தைத்தான் கிளப்பியது. உறுதி செய்தது டெமோ. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கே/டி-யை விட நல்ல எண்கள் உண்டு. ஏடிஆர் என்பது ஒரு ரவுண்டுக்குச் சராசரியாகக் கொடுத்த டேமேஜ். ஒருவர் 90 டேமேஜ் கொடுத்து, கடைசி 10-ஐ நண்பர் எடுத்துக் கில் வாங்கினாலும் முதல் ஆளின் உழைப்பு இதில் பதிவாகும். கேஏஎஸ்டி என்பது எத்தனை சதவீத ரவுண்டுகளில் அவர் ஒரு கில் எடுத்தார், அல்லது அசிஸ்ட் கொடுத்தார், அல்லது உயிரோடு மிஞ்சினார், அல்லது அவர் செத்ததும் கூட்டாளி பழிவாங்கினார் என்ற கணக்கு. அமைதியாக அணிக்குப் பயன்படும் ஆள் இதில் மேலே வருவார். மூன்றாவதாக, ரவுண்டின் முதல் சண்டை. ஐந்துக்கு ஐந்தாக இருப்பது ஐந்துக்கு நான்காக மாறும் இடம் அது. அதில் யார் ஜெயிக்கிறார்கள் என்று தனியாகக் குறித்து வைப்பது நல்லது.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஹெச்எல்டிவி தளம் 2010-இல் ஒரு ரேட்டிங் கொண்டுவந்தது. ரவுண்டுக்கு எத்தனை கில், எத்தனை ரவுண்டில் உயிரோடு மிஞ்சினார், ஒரே ரவுண்டில் எத்தனை முறை இரண்டு மூன்று பேரை எடுத்தார் என்ற மூன்றையும் சராசரியோடு ஒப்பிட்டு, 1.0 என்றால் சராசரி ஆட்டக்காரர் என்று வைத்தார்கள். 2017-இல் வந்த 2.0 பதிப்பில் டேமேஜும் கேஏஎஸ்டி-யும் சேர்ந்தன. வேலரன்டில் ஸ்கோர்போர்டிலேயே ஏசிஎஸ் (சராசரி சண்டை மதிப்பெண்) என்ற எண் வந்துவிடும். இவை எல்லாம் ஒருவர் தன் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள நன்றாக உதவும். அணி பிரிக்க இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. கில்லுக்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் மனிதன் கில்லுக்குத்தான் ஆடுவான். குண்டைத் தூக்கிக்கொண்டு போக ஆள் கிடைக்காது.

இரண்டாம் படி: ஜெயித்தாயா, யாரை?

அணி பிரிக்க ஒரே ஒரு எண் போதும். அது வெற்றி தோல்வியிலிருந்து வர வேண்டும். அதற்கான வழியைச் செஸ்காரர்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ உருவாக்கிய முறையை அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு 1960-இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றன. செஸ் ஆடுபவர்கள் ‘அவன் 1800’ என்று சொல்வது இந்த எலோ எண்ணைத்தான்.

அடிப்படை இது: உன்னைவிட வலுவானவரை வென்றால் நிறைய ஏறும், எளியவரை வென்றால் கொஞ்சம்தான் ஏறும். எல்லோரையும் 1000-இல் தொடங்குங்கள். அணியின் எண் என்பது ஐந்து பேரின் சராசரி.

ஒரு ஆட்டத்தைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். நம் அணியின் சராசரி 1040, எதிரணி 980. எதிரணியின் எண்ணிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் -60. அதை 400-ஆல் வகுத்தால் -0.15. பத்தின் அடுக்காக -0.15 போட்டால் 0.708 வரும். அதோடு 1 கூட்டினால் 1.708. ஒன்றை இதனால் வகுத்தால் 0.585. நாம் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 59 சதவீதம் என்று பொருள். நாம் ஜெயித்தால் மீதி 0.415-ஐ 32-ஆல் பெருக்கி, நம் ஐந்து பேருக்கும் ஆளுக்கு 13 ஏற்ற வேண்டும், எதிரணியில் ஆளுக்கு 13 இறக்க வேண்டும். தோற்றால் 0.585-ஐ 32-ஆல் பெருக்கி, ஆளுக்கு 19 இறங்கும். அவர்களுக்கு 19 ஏறும். மொபைல் கால்குலேட்டரைக் குறுக்கே திருப்பினால் அடுக்குப் போடும் பொத்தான் வரும். இரண்டாவது வாரத்திலிருந்து ஷீட்டில் ஒருமுறை சூத்திரம் போட்டுவிட்டால் அதுவே போட்டுக்கொள்ளும்.

மனதில் வைத்துக்கொள்ள நான்கு எண்கள்: சராசரி வித்தியாசம் 50 என்றால் வலுத்த பக்கம் ஜெயிக்கும் வாய்ப்பு 57 சதவீதம், 100 என்றால் 64, 200 என்றால் 76, 400 என்றால் 91.

அந்த 32 என்பது எண் எவ்வளவு வேகமாக அசைய வேண்டும் என்பதற்கான பெருக்கி. ஃபிடே புதியவர்களுக்கு 40, பிறகு 20, பெரிய ஆட்டக்காரர்களுக்கு 10 என்று வைத்திருக்கிறது. வாரம் மூன்று நான்கு ஆட்டம் ஆடும் குழுவுக்கு 32-இல் தொடங்கி, மூன்று மாதம் கழித்து 20-க்கு இறக்கினால் சரியாக இருக்கும். முதல் இருபது ஆட்டம் வரை எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள். நாணயம் சுண்டும் கதைதான் காரணம்.

இதைவிடக் கூர்மையான முறையும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2005 வாக்கில் எக்ஸ்பாக்ஸ் லைவுக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண் வைக்கும். ஒன்று திறமை, இன்னொன்று அந்தத் திறமை எவ்வளவு நிச்சயம் என்பது. புதியவருக்குத் திறமை 25, நிச்சயமின்மை 8.33. காட்டும் எண் 25-இலிருந்து மூன்று மடங்கு 8.33-ஐக் கழித்தது, அதாவது பூஜ்யம். ஆட ஆட நிச்சயம் கூடும், எண் ஏறும். அணி ஆட்டத்துக்கென்றே செய்யப்பட்டது என்பதால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பத்துப் பேர் அறையில் எலோ பிடிபட்ட பிறகு இதற்கு வாருங்கள். கணக்கு எப்படி வந்தது என்று கூட ஆடுபவனுக்கு விளங்காவிட்டால் அவன் நம்ப மாட்டான்.

மூன்றாம் படி: உத்தி

இனிதான் முக்கியமான இடம். பத்துப் பேரை ஐந்து ஐந்தாக 126 விதமாகப் பிரிக்கலாம். நாங்கள் வழக்கமாகச் செய்தது இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பது. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எங்கள் நோட்டின் நிலவரத்தை வைத்தே சொல்கிறேன். ஒருநாள் பத்துப் பேரின் எண்கள் இப்படி இருந்தன: 1180, 1120, 1090, 1040, 1010, 990, 960, 930, 870, 810. மொத்தம் 10000. சரிபாதி என்றால் அணிக்கு 5000.

மாறி மாறி எடுத்தால் முதல் கேப்டன் பக்கம் 1180, 1090, 1010, 960, 870, கூட்டினால் 5110. மற்றவர் பக்கம் 4890. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் எடுப்பவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக லாபம் சேர்கிறது. சராசரி வித்தியாசம் 44, அதாவது 56-க்கு 44 சதவீதம்.

வரிசையைப் பாம்பு மாதிரி வளைத்தால் இது சரியாகும். முதல் ஆளை ஒருவர் எடுக்க, அடுத்த இரண்டு பேரை மற்றவர் எடுக்க வேண்டும். பிறகு இவர் இரண்டு, அவர் இரண்டு, இவர் இரண்டு, கடைசி ஒருவர் அவருக்கு. இப்போது ஒரு பக்கம் 5030, மறுபக்கம் 4970. இதில் 1010-ஐயும் 990-ஐயும் மட்டும் இடம் மாற்றினால் 5010-க்கு 4990. இதற்கு மேல் சமமாக்க மெனக்கெட வேண்டாம். ஒருவர் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றாலே இதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

ஆனால் கணக்கு போட்டு ஒருவர் பிரித்தால் ‘நீ வேண்டுமென்றே பிரித்தாய்’ என்ற பேச்சு வரும். எங்களிடம் வந்தது. அப்போது குழுவில் வயதில் மூத்தவர் ஒருவர், ‘சின்ன வயசுல கபடிக்கு உத்தி பிரிப்போமே, அது மாதிரி பண்ணுங்கடா’ என்றார். உத்தி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏறத்தாழ சம பலம் உள்ள இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, தோளில் கைபோட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். ‘நிலா வேணுமா, நட்சத்திரம் வேணுமா?’ என்று கேட்க, ஒரு தலைவர் ‘நிலா’ என்பார். நிலா யாரோ அவர் அந்தப் பக்கம், நட்சத்திரம் இந்தப் பக்கம். யாரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, கடைசியில் மிஞ்சியவன் என்ற அவமானமும் யாருக்கும் இல்லை.

இதையே நோட்டோடு சேர்த்தோம். முதலாமவரும் இரண்டாமவரும் ஒரு ஜோடி, மூன்றும் நான்கும் ஒரு ஜோடி, இப்படியே ஐந்து ஜோடி. ஜோடிகளை மட்டும் எண் முடிவு செய்யும். யார் எந்தப் பக்கம் என்பதை உத்தி முடிவு செய்யும். மேலே சொன்ன பத்து எண்களில் ஐந்து ஜோடியும் துரதிர்ஷ்டமாக ஒரே பக்கம் சாய்ந்தாலும் வருவது அதே 5110-க்கு 4890தான். மிக மோசமான நாளிலும் 56 சதவீதத்தைத் தாண்டாது. ஒரே பைக்கில் வருகிற அந்த இருவரும் முதல் ஜோடி என்பதால் ஒரே பக்கம் உட்காரவே முடியாது. ‘ஏலம் வேணுமா, மிளகு வேணுமா?’ என்று குமுளிப் பையன்கள் கேட்கும்போது அறை சிரித்துவிடும். பிரித்தது பற்றிப் புகார் அதன் பிறகு வந்ததில்லை.

ஒரே எச்சரிக்கை. சராசரி சமமாக இருந்தாலும், ஒரு பக்கம் ஒரு புலியும் நான்கு புதியவர்களும், மறுபக்கம் ஐந்து நடுத்தர ஆட்களும் என்றால் அது சமமான ஆட்டம் ஆகாது. உத்தியில் இந்தச் சிக்கல் தானாகவே வராது. பாம்பு வரிசையில் பிரித்த பிறகு ஆட்களை மாற்றும்போது, மிகப் புதிய இருவர் ஒரே அணியில் விழுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணில் வராத சமாச்சாரங்கள்

எங்கள் மாடியில் நான்கு மானிட்டர்கள் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறும்; மீதி ஆறு 60 ஹெர்ட்ஸ். ஒரு மூலையிலிருந்து திடீரென எட்டிப் பார்க்கும் ஆளை 144-இல் ஒரு இமைப்பொழுது முன்னால் பார்க்கலாம். நான்கு நல்ல மானிட்டரும் ஒரே வரிசையில் இருந்ததை ஐந்து வாரம் யாரும் கவனிக்கவில்லை. இப்போது பக்கத்துக்கு இரண்டு. வீட்டிலிருந்து இணைபவர்கள் இருந்தால் பிங்கையும் (இணைப்பில் வரும் தாமதம்) இப்படிப் பாருங்கள். ஃபைபர் உள்ள வீடும், எஸ்டேட் லயத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டும் ஒன்றல்ல.

அடுத்தது பேச்சு. இது எல்லையோரத்தில் மட்டும் வரும் சிக்கல் என்று நினைக்கிறேன். குமுளிப் பையன் ஒருவன் ‘பொறகில் ஆளுண்டு!’ என்று கத்தினான். மலையாளத்தில் அது ‘பின்னாடி ஆள் இருக்கு’. எங்கள் ஆள் காதில் விழுந்தது ‘பெறகு ஆளுண்டு’. பிறகுதானே, அப்புறம் பார்க்கலாம் என்று முன்னால் பார்த்துக்கொண்டே நின்றார். முதுகில் சுட்டுவிட்டார்கள். அன்றைக்கே முப்பது சொற்கள் எழுதிச் சுவரில் ஒட்டினோம். பின்னால் என்றால் ‘பேக்’, அவ்வளவுதான்; தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. அதே பையன் கில் கணக்கில் கீழ்ப்பாதியில் நிற்பான். ஆனால் எலோவில் மூன்றாவது. எதிரி எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று ரவுண்டு முழுவதும் சொல்லிக்கொண்டே இருப்பான், செத்த பிறகும் ஒரு வரியில் தகவல் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வான். ஸ்கோர்போர்டில் இதற்குக் கட்டம் கிடையாது. வெற்றிக் கணக்கில் மட்டும் எப்படியோ வந்து விழுந்துவிடுகிறது.

மேப்பும் ஒரு பக்கம் சாயும். நியூக் மேப் தடுப்பு அணிக்குச் சாதகம் என்று பல காலமாகவே பேர் வாங்கியது. 12 ரவுண்டு முடிந்ததும் பக்கம் மாறுவதால் ஆட்டத்தின் முடிவில் இது பெரும்பாலும் ஈடாகிவிடும். ஆகவே பாதி ஆட்டத்தில் 9-3 என்று பார்த்ததும் அணி சரியில்லை என்று கலைக்க வேண்டாம். ஆட்டத்துக்குள்ளேயே சமன் செய்யும் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது: தொடர்ந்து தோற்கும் அணிக்குக் கிடைக்கும் ஆறுதல் பணம் 1400-இல் தொடங்கி 500 500 ஆக ஏறி 3400 வரை போகும். 2700 டாலர் ஏகே துப்பாக்கி வாங்க அது உதவும். புதியவர்கள் ஒவ்வொரு ரவுண்டும் இருக்கிற காசுக்கெல்லாம் துப்பாக்கி வாங்கி இதை வீணாக்குவார்கள். ஒரு ரவுண்டு எல்லோரும் சேர்ந்து சேமிக்கச் சொல்லிக்கொடுத்தால் ஸ்கோர் அப்போதே நெருங்கும்.

நான்காம் படி: பிரித்தது சரியா என்று பார்ப்பது

ஆட்களை அளந்தது போலப் பிரித்த முறையையும் அளக்க வேண்டும். தோற்ற அணி எத்தனை ரவுண்டு எடுத்தது என்று மட்டும் பாருங்கள். இருபது ஆட்டங்களை எடுத்து, தோற்றவர்கள் 9 அல்லது அதற்கு மேல் எடுத்த ஆட்டங்களை எண்ணுங்கள். உத்திக்கு முன்னால் எங்களுக்கு அது இருபதுக்கு நான்கு. பிறகு வந்த இருபதில் பதினொன்று. இந்த எண் ஏறவில்லை என்றால் ரேட்டிங்கைக் குறை சொல்லுமுன் மானிட்டர், பிங், பேச்சு மூன்றையும் பாருங்கள்.

புதிதாக ஒருவர் வந்தால் 1000 கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதம் ஆடிய குழுவின் நடுவில் அவரை நிறுத்துவது அவருக்கும் கஷ்டம், அவர் சேரும் அணிக்கும் கஷ்டம். 850 கொடுத்து, முதல் பத்து ஆட்டத்துக்குப் பெருக்கியை 40 ஆக்குங்கள். ஏற்கெனவே கை தேர்ந்தவர் என்றால் மடமடவென்று மேலே வந்துவிடுவார்.

எண் பட்டியலைச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்பார்கள். நாங்கள் ஒட்டுவதில்லை. ஜோடிகளை மட்டும் வாசிப்போம். தன் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர் நோட்டு வைத்திருப்பவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். கேட்காதவர்கள் பாதிப் பேர், அவர்கள்தான் நிம்மதியாக ஆடுகிறார்கள்.

கடைசியாக, பத்துப் பேர் வராத நாள். ஒன்பது பேர் என்றால் ஐந்துக்கு நான்கு ஆடலாம், ஆனால் அந்த ஆட்டத்தை நோட்டில் ஏற்றாதீர்கள். எலோவுக்கு ஆள் குறைவது தெரியாது. எட்டுப் பேர் என்றால் நான்குக்கு நான்கு, நான்கு உத்தி, கணக்கு அப்படியே செல்லும். பதினொரு பேர் வந்துவிட்டால் ஆட்டத்துக்கு ஒருவர் வெளியே உட்கார வேண்டும். குமுளிக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்களை முதல் ஆட்டங்களில் உட்கார வைக்காமல், உள்ளூர்க்காரர்களிலிருந்து தொடங்குங்கள். வெளியே இருப்பவர் கையில் நோட்டையும் பேனாவையும் கொடுத்துவிடுங்கள். ஸ்கோர் எழுதுவதும் டீ சொல்வதும் அவர் பொறுப்பு.